மூணாவது டெஸ்க்டாப்ல மறந்துபோன ஒரு டேப்: விலை 21,640 ரூபாய்

நம்ம சேனல்ல வழக்கமா மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன்னு பேசுவோம். இன்னைக்கு பிரவுசர் பத்திப் பேசப்போறேன். "இதுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்?"னு நினைக்கிறவங்க கீழே இருக்கிற கதையை மட்டுமாவது படிச்சிடுங்க.

2024 ஜூலை 29, திங்கட்கிழமை. வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ண கடைசித் தேதி ஜூலை 31. நான் வீட்டிலிருந்து வேலை. ஆபீஸ் கொடுத்த விண்டோஸ் லேப்டாப் ஒண்ணுதான் இருக்கு, சொந்த வேலையும் அதுலதான். (இது சரியான்னு அப்புறம் பேசலாம்.) அதனால ரெண்டு டெஸ்க்டாப் வச்சிருந்தேன். முதல் டெஸ்க்டாப்ல ஆபீஸ் மெயில், சாட், கோடு. ரெண்டாவதுல பேங்க், டீமேட், வருமான வரி போர்ட்டல். தெரியாதவங்களுக்கு: விண்டோஸ் கீயையும் டேப் கீயையும் சேர்த்து அழுத்துங்க. கீழே "புது டெஸ்க்டாப்"னு ஒரு கூட்டல் குறி வரும். ஒரே லேப்டாப்புக்குள்ள ரெண்டு மூணு மேஜை போட்டுக்கிற மாதிரி. ஒரு மேஜையில இருக்கிற விண்டோ இன்னொண்ணுல தெரியாது.

காலையில பத்து மணிக்குள்ள கணக்கைத் தாக்கல் பண்ணிட்டேன். மிச்சம் இருந்தது இ-வெரிஃபிகேஷன் மட்டும். ஆதார் ஓ.டி.பி. கேட்டேன், வரலை. காத்துக்கிட்டு இருக்கும்போதே டீம் கால் ஆரம்பிச்சிடுச்சு. முதல் டெஸ்க்டாப்புக்கு வந்து முழு ஸ்கிரீனையும் ஷேர் பண்ணிட்டேன். மேனேஜர் சாட்ல ஒரு லிங்க் போட்டு, "இந்த டாஷ்போர்டைத் திறங்க, எல்லாரும் பாப்போம்"ன்னார். கிளிக் பண்ணேன்.

முதல் டெஸ்க்டாப்லயே ஒரு பிரவுசர் விண்டோ திறந்துதான் இருந்தது. ஆனா பிரவுசர் அதைக் கண்டுக்கல. நான் கடைசியா தொட்ட விண்டோ எது? வருமான வரி விண்டோ. டாஷ்போர்டை அங்க ஒரு புது டேப்பா திறந்துச்சு. அது மட்டும் இல்லை, என்னையும் கூட்டிட்டு ரெண்டாவது டெஸ்க்டாப்புக்குத் தாவிடுச்சு. அது என் சொந்த புரொஃபைல், ஆபீஸ் லாகின் அதுல இல்லை. அதனால டாஷ்போர்டுக்குப் பதிலா பாஸ்வேர்டு கேட்கிற பக்கம் வந்தது. "தப்பான விண்டோ"ன்னு பதறி அந்த டேப்பை மூடினேன். பக்கத்துல திறந்திருந்தது என்னோட ஃபார்ம் 16. மொத்தச் சம்பளம், வீட்டு வாடகைப்படி, பிடிச்ச வரி, எல்லாமே பெரிய எழுத்துல. கால்ல ஒன்பது பேர்.

நாலு செகண்ட் இருக்கும். ஆனா மறுநாள் சாயங்காலம், என்னைவிட ரெண்டு வருஷம் சீனியர் ஒருத்தர் போன் பண்ணி, "தம்பி, உனக்கு பதினொன்னா?"ன்னு மட்டும் கேட்டார். கோபமா கேட்கல. அதுதான் கஷ்டமா இருந்தது.

கதை அதோட முடியலை. அந்தப் பதற்றத்துல நான் என்ன பண்ணேன்னா, அந்த விண்டோவை இழுத்து மூணாவதா ஒரு புது டெஸ்க்டாப்ல போட்டேன். கண்ணுல படவே கூடாதுன்னு. கால் முடிஞ்சது, அடுத்த கால் வந்தது, அந்த வாரம் ரிலீஸ். ஓ.டி.பி.க்கு ஆயுள் பதினஞ்சு நிமிஷம், அது எப்பவோ செத்துப்போச்சு. டாஸ்க்பார்ல அந்த விண்டோ தெரியாது, ஏன்னா நீங்க நிக்கிற டெஸ்க்டாப்போட விண்டோக்களை மட்டும்தான் விண்டோஸ் டாஸ்க்பார்ல காட்டும். மாத்தாத வரைக்கும் அதுதான் செட்டிங். நானும் "ஐ.டி.ஆர். முடிச்சாச்சு"ங்கிற நினைப்புலயே இருந்தேன்.

லேப்டாப்பை நான் ஷட்டவுன் பண்றதே இல்லை, மூடி வைக்கிறதோட சரி. அப்டேட் கேட்கும்போதெல்லாம் "அப்புறம்"னு தள்ளிட்டே வந்தேன். ஆகஸ்ட் 26 காலையில அது இனிமே கேட்க மாட்டேன்னு தானே ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. பிரவுசரைத் திறந்தா, மூணு டெஸ்க்டாப்ல பிரிச்சு வச்சிருந்த அத்தனை விண்டோவையும் ஒரே டெஸ்க்டாப்ல கொட்டி வச்சிருக்கு. வழக்கமா இதுக்கு நான் திட்டுவேன். அன்னைக்கு திட்டிக்கிட்டே ஒவ்வொண்ணா மூடும்போது ஒரு டேப்ல "இ-ஃபைலிங்"னு இருந்தது. வயித்துல புளியைக் கரைச்சது.

தாக்கல் பண்ண நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணணும். எனக்கு ரெண்டு நாள் பாக்கி இருந்தது. ஆதார் ஓ.டி.பி. இந்தத் தடவை உடனே வந்தது. மொத்தம் மூணு நிமிஷ வேலை.

இப்போ கணக்குக்கு வருவோம். அந்த ரெண்டு நாளும் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?

30 நாளுக்கு அப்புறம் வெரிஃபை பண்ணா, வெரிஃபை பண்ண தேதியைத்தான் தாக்கல் தேதியா எடுத்துக்குவாங்க. அப்படின்னா நான் ஜூலை 29-ல தாக்கல் பண்ணதுக்கு மதிப்பு இல்லை, கெடு தாண்டிய ஆள் ஆகிடுவேன். 234எஃப் பிரிவுப்படி தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். (மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000.) பலருக்கு இது மட்டும்தான் தெரியும். பெரிய அடி வேற இடத்துல இருக்கு. நம்மள மாதிரி சம்பளக்காரங்க பழைய வரி முறை வேணும்னு தேர்ந்தெடுக்கணும்னா கெடுவுக்குள்ள தாக்கல் பண்ற கணக்குலதான் தேர்ந்தெடுக்க முடியும். தாண்டிட்டா புது முறைதான்.

என் சம்பளம் அந்த நிதியாண்டுல (2023-24) 11 லட்சம். பழைய முறையில நிலையான கழிவு 50,000, வாடகைப்படி விலக்கு 1,80,000, 80சி 1,50,000, 80டி 25,000. எல்லாம் போக 6,95,000. அதுக்கு வரி 51,500, செஸ் சேர்த்து 53,560. ஆபீஸ்லயே அவ்வளவும் பிடிச்சிட்டாங்க, நான் மேற்கொண்டு கட்ட வேண்டியது பூஜ்யம். அதே சம்பளம் புது முறைக்குப் போனா, 50,000 கழிச்சு 10,50,000. அந்த வருஷ ஸ்லாப்படி வரி 67,500, செஸ் சேர்த்து 70,200. வித்தியாசம் 16,640. கூட 5,000. ஆக 21,640 ரூபாய், வட்டி தனி.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அதே போர்ட்டல்ல காரணத்தோட கோரிக்கை வைக்கலாம். ஏத்துக்கிட்டா தப்பிக்கலாம். ஆனா அது அவங்க முடிவு, நம்ம கையில இல்லை. "டேப் வேற டெஸ்க்டாப்ல இருந்தது சார்"ங்கிறதை எந்த அதிகாரிகிட்ட காரணமா எழுதுறது?

தப்பு யார் மேல?

முதல்ல என் மேலதான். டேப்பைத் திறந்து வச்சா அது ஞாபகப்படுத்தும்னு நம்பினேன். நம்மில் பாதிப் பேரு இப்படித்தான். பண வேலையில இந்தப் பழக்கம் ரொம்பவே ஆபத்து, ஏன்னா பண வேலை எதுவுமே ஒரே மூச்சுல முடியறது இல்லை. ஓ.டி.பி.க்குக் காத்திருக்கணும், மேண்டேட் அப்ரூவ் ஆகணும், கே.ஒய்.சி. சரிபார்க்கணும், நாமினி பேரைச் சேர்த்தா அதை இன்னொரு தடவை உறுதிப்படுத்தணும். எல்லாமே முக்கால்வாசியில நிக்கும். அந்த முக்கால்வாசியை நாம ஒரு டேப்பா அப்படியே நிறுத்தி வைக்கிறோம்.

ஆனா பிரவுசரையும் நான் சும்மா விடப்போறது இல்லை. என் கருத்து இதுதான்: நான் எந்த டெஸ்க்டாப்ல இருந்து ஒரு லிங்க்கை அழுத்துறேனோ, அந்த டெஸ்க்டாப்லயேதான் அது திறக்கணும். அங்க பிரவுசர் விண்டோ இருந்தா அதுல ஒரு டேப். இல்லைன்னா அங்கேயே ஒரு புது விண்டோ. நான் கேட்காம என்னை வேற டெஸ்க்டாப்புக்கு இழுத்துட்டுப் போகவே கூடாது.

வீட்டு உதாரணம் சொல்றேன். நீங்க ஹால்ல விருந்தாளிங்களோட உட்கார்ந்திருக்கீங்க. கூரியர்காரர் வர்றார். பார்சலை ஹால்ல உங்க கையில கொடுப்பாரா, இல்லை "நீங்க கடைசியா பெட்ரூம்லதானே உட்கார்ந்திருந்தீங்க"ன்னு உங்க கையைப் பிடிச்சு, விருந்தாளிங்களையும் கூட்டிக்கிட்டு, பீரோ திறந்து கிடக்கிற பெட்ரூமுக்குள்ள போவாரா? என் பிரவுசர் அன்னைக்கு ரெண்டாவதைத்தான் பண்ணுச்சு.

இந்த அறை உதாரணம் நான் கண்டுபிடிச்சது இல்லை. 1986-லயே ஜெராக்ஸ் நிறுவனத்தோட பார்க் ஆராய்ச்சிக்கூடத்துல ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்டுன்னு ரெண்டு பேர் "ரூம்ஸ்"னே பேர் வச்சு ஒரு அமைப்பை உருவாக்கினாங்க. அவங்க பார்த்தது ரொம்ப எளிமையான விஷயம். ஒருத்தர் ஒரு வேலையில இருக்கும்போது சில விண்டோக்களைத்தான் மாத்தி மாத்திப் பார்ப்பார். வேலை மாறினா விண்டோக் கூட்டமும் மாறும். அதனால வேலைக்கு ஒரு அறை. மெயிலுக்கு ஒண்ணு, நிரல் எழுத ஒண்ணு. கூடவே இன்னொரு யோசனையும் வச்சிருந்தாங்க: கடிகாரம் மாதிரி எல்லா அறையிலயும் வேணும்ங்கிறதை "பாக்கெட்"ல போட்டுக்கலாம், போற இடமெல்லாம் கூட வரும். எது அறையோட தங்கணும், எது என்கூட வரணும்ங்கிற முடிவு பயனர் கையில.

கவனிச்சீங்களா, அறை பிரிச்சது வேலையை வச்சு, மென்பொருளை வச்சு இல்லை. அப்போ ஒரு மென்பொருள் ஒரு வேலைதான் பண்ணும், அதனால ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்புறம் லினக்ஸ்காரங்க பல வருஷமா இதை வச்சிருந்தாங்க, 2007-ல மேக்ல "ஸ்பேசஸ்"னு வந்தது, 2015-ல விண்டோஸ் 10-லயும் வந்துடுச்சு. அதுக்குள்ள எல்லாமே பிரவுசருக்குள்ள போயிடுச்சு. பேங்க் பிரவுசர்ல, ஆபீஸ் டாஷ்போர்டு பிரவுசர்ல, சினிமாவும் பிரவுசர்ல. ஆனா "இது ஒரே ஆப்தானே, ஏதோ ஒரு விண்டோல திறந்தா போதும்"ங்கிற பழைய புத்தி மட்டும் இன்னும் பல இடத்துல போகலை. மேக்ல இதுக்கு ஒரு செட்டிங்கே இருக்கு. ஒரு ஆப்புக்கு மாறினா, அந்த ஆப்போட விண்டோ இருக்கிற ஸ்பேஸுக்கே தாவணும்ங்கிறது. கால்குலேட்டருக்கு அது சரி. பிரவுசருக்கு சுத்தமா சரியில்லை.

எதிர்க்கட்சி வாதமும் உண்டு, அதையும் சொல்லிடறேன். "லிங்க் அழுத்தற இடத்துலெல்லாம் புது விண்டோ வந்தா, சாயங்காலத்துக்குள்ள பத்து விண்டோ ஆயிடும், லேப்டாப் இழுக்கும், எந்த டேப் எங்கன்னு தேடணும்." நியாயமான பேச்சு. ஒரே விண்டோ, அறுபது டேப்னு வாழற நண்பர் எனக்கு உண்டு, அவருக்கு இது தொல்லைதான். ஆனா அவர் ரெண்டாவது டெஸ்க்டாப்பே உருவாக்க மாட்டாரே. ஒருத்தர் வேலை மெனக்கெட்டு ரெண்டாவது டெஸ்க்டாப் போட்டிருக்கார்னா, "இதையும் அதையும் கலக்காதே"ன்னு சொல்லிட்டார்னு அர்த்தம். அதுக்கு மேல பிரவுசருக்கு என்ன எழுதிக் கொடுக்கணும்?

நானே கேட்டுப் போறது வேற கதை. குரோம்ல கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூணையும் அழுத்தினா திறந்திருக்கிற டேப் எல்லாத்தையும் தேடலாம். ஃபயர்ஃபாக்ஸ்ல முகவரிப் பட்டியில டைப் பண்ணும்போது, அந்தப் பக்கம் ஏற்கனவே திறந்திருந்தா "அந்த டேப்புக்குப் போ"ன்னு காட்டும். நான் அதைத் தேர்ந்தெடுத்தா, வேற டெஸ்க்டாப்புக்குத் தாவறது சரிதான், நான்தானே கேட்டேன். எனக்கு வேண்டியது கூட ரெண்டே வார்த்தை: அந்த டேப் எந்த டெஸ்க்டாப்ல இருக்குங்கிறது. "இ-ஃபைலிங், மூணாவது டெஸ்க்டாப்"னு ஒரு வரி இருந்திருந்தா, ஸ்கிரீன் ஷேர்ல இருக்கும்போது அதைத் தொடமாட்டேன், சும்மா இருக்கும்போது மறக்கவும் மாட்டேன்.

பேமெண்ட் பக்கங்களுக்கு இது இன்னும் கறாரா வேணும். கார்டு பில் கட்டும்போது பேங்க் பக்கம் தனி விண்டோவா திறக்குது பாருங்க, அது அதைத் திறந்த விண்டோ இருக்கிற டெஸ்க்டாப்லயேதான் வரணும். நான் அதுக்குள்ள வேற டெஸ்க்டாப்புக்குப் போயிட்டேன்னு என் பின்னாடியே ஓடி வரக் கூடாது. லிங்க்குக்கு சொன்னதுக்கு இது நேர் எதிர் மாதிரி தெரியும். இல்லை, ரெண்டும் ஒரே விதிதான்: எங்க பிறந்ததோ அங்கேயே இருக்கட்டும்.

ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் எந்த விண்டோ எந்த டெஸ்க்டாப்ல இருந்ததோ அங்கேயே திரும்பி வரணும்ங்கிறதையும் கேட்கத்தான் வேணும். என்னைக் காப்பாத்தினதே அது சரியா வேலை செய்யாததுதான்னு நீங்க சிரிக்கலாம். சிரிங்க. ஆனா அடுத்த தடவை அதே மாதிரி கொட்டும்போது நான் ஸ்கிரீன் ஷேர்ல இருக்கலாம்.

டெஸ்க்டாப் ஒரு திரைச்சீலைதான், சுவர் இல்லை

இதைப் படிச்சிட்டு "சரி, நானும் பணத்துக்குத் தனி டெஸ்க்டாப் போட்டுக்கறேன், பாதுகாப்பா இருக்கும்"னு கிளம்பிடாதீங்க. டெஸ்க்டாப் பிரிக்கிறது பார்வையை மட்டும். ஒரே புரொஃபைல்ல நாலு டெஸ்க்டாப்ல நாலு விண்டோ இருந்தாலும் லாகின் ஒண்ணுதான், குக்கீ ஒண்ணுதான், எக்ஸ்டென்ஷன் ஒண்ணுதான். விலை ஒப்பிட்டுக் காட்டற கூப்பன் எக்ஸ்டென்ஷன் ஒண்ணைப் போட்டு, "எல்லாத் தளத்துலயும் படிக்கலாம், மாத்தலாம்"னு அனுமதி கொடுத்திருந்தா, அது உங்க பேங்க் டெஸ்க்டாப்லயும் உட்கார்ந்திருக்கும்.

இன்காக்னிட்டோவும் நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. ரெண்டு டெஸ்க்டாப்ல ரெண்டு இன்காக்னிட்டோ விண்டோ திறந்தா அது ரெண்டு தனி உலகம்னு பலர் நம்பறாங்க. குரோம்ல திறந்திருக்கிற இன்காக்னிட்டோ விண்டோ எல்லாமே ஒரே செஷனைத்தான் பகிர்ந்துக்குது. ஒண்ணுல பேங்க் லாகின் பண்ணா, இன்னொண்ணுலயும் அது லாகின்தான்.

உண்மையிலேயே பிரிக்கிறது புரொஃபைல். பாஸ்வேர்டு, குக்கீ, எக்ஸ்டென்ஷன், ஹிஸ்டரி எல்லாம் தனித்தனி. ஆனா என் கதையில புரொஃபைல் ஏற்கனவே தனியாத்தானே இருந்தது? அப்படி இருந்தும் ஆபீஸ் லிங்க் அதுக்குள்ள விழுந்தது. வெளியில இருந்து வர்ற லிங்க் பெரும்பாலும் கடைசியா தொட்ட புரொஃபைலுக்குத்தான் போகும், அதான் காரணம்.

அப்புறம், அந்த லேப்டாப் ஆபீஸோடது. நிர்வாகம் அவங்க கையில இருக்கிற லேப்டாப்ல எந்த டெஸ்க்டாப்பும் எந்த புரொஃபைலும் ஆபீஸ்கிட்ட இருந்து எதையும் மறைக்காது. முடிஞ்சா பண வேலையை சொந்தக் கருவியிலேயே பண்ணுங்க. "சொந்த லேப்டாப் வாங்கற அளவுக்கு இப்போ வசதி இல்லை"ன்னு முதல் வேலையில இருக்கிறவங்க சொல்றது எனக்கும் புரியுது, நானும் மூணு வருஷம் அப்படித்தான் இருந்தேன். அதுக்காக வருமான வரிக்கு ஆபீஸ் லேப்டாப்பைத் தொடவே தொடாதேன்னு உபதேசம் பண்ண மாட்டேன். டீமேட், கிரிப்டோ, கடன் ஆப்னு எல்லாத்தையும் அதுல ஏத்தாதீங்கன்னு மட்டும் சொல்வேன்.

இப்போ நான் எப்படி வச்சிருக்கேன்

பிரவுசர் கம்பெனிக்காரங்க மனசு மாறுற வரைக்கும் காத்திருக்க முடியாது. அந்த 26-ஆம் தேதிக்கு அப்புறம் மாத்தினதுல பெரிய வித்தியாசம் காட்டினது ஒண்ணே ஒண்ணு: பணத்துக்கு வேற புரொஃபைல் இல்லை, வேற பிரவுசரே வச்சுக்கிட்டேன். ஆபீஸ் லேப்டாப்ல ஏற்கனவே ரெண்டு பிரவுசர் இருக்கும். ஒண்ணை டிஃபால்ட்டா ஆபீஸுக்கு விட்டுட்டேன். டிஃபால்ட் இல்லாத இன்னொண்ணை பணத்துக்கு மட்டும். சாட்லயோ மெயில்லயோ லிங்க்கை அழுத்தினா அது பெரும்பாலும் டிஃபால்ட் பிரவுசருக்குத்தான் போகும். பண பிரவுசருக்குள்ள வெளியில இருந்து பெரும்பாலும் எதுவும் தானா விழாது. அதுல பேங்க் தளம், வருமான வரி போர்ட்டல், ஃபண்ட் கம்பெனி தளம் எல்லாம் புக்மார்க்ல. எக்ஸ்டென்ஷன் ஒண்ணுகூட கிடையாது. இதுல கூடுதலா ஒரு லாபம்: "உங்க கே.ஒய்.சி. காலாவதி ஆகுது, இங்க அழுத்துங்க"ன்னு போலி லிங்க் வந்து நான் அவசரத்துல அழுத்தினாலும், அது திறக்கிற பிரவுசர்ல என் பேங்க் லாகினும் இல்லை, சேமிச்ச பாஸ்வேர்டும் இல்லை. லாகின் கேட்கும்போதே "இங்க ஏன் கேட்குது?"ன்னு ஒரு சந்தேகம் வருது.

டெஸ்க்டாப் ரெண்டோட நிறுத்திட்டேன். விண்டோஸ் 11-ல ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் தனி பேரு, தனி வால்பேப்பர் வைக்கலாம். பண டெஸ்க்டாப்புக்கு வெறும் சிவப்பு. அழகா இல்லை, ஆனா எங்க நிக்கிறோம்னு சந்தேகமே வராது. மூணாவதை அன்னைக்கே அழிச்சிட்டேன். பயப்படாதீங்க, ஒரு டெஸ்க்டாப்பை மூடினா அதுல இருக்கிற விண்டோக்கள் மூடாது, பக்கத்து டெஸ்க்டாப்புக்கு நகர்ந்து வந்துடும். உங்களுக்கு நாலஞ்சு டெஸ்க்டாப் இருந்தா இப்பவே ஒவ்வொண்ணா மூடிப் பாருங்க. என்னென்ன மறந்து கிடக்குன்னு தெரியும். எங்க வீட்டுக்காரம்மா லேப்டாப்ல இப்படி மூடும்போது, பாதியில விட்ட மெடிக்கல் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் ஒண்ணு கிடைச்சது.

டாஸ்க்பார் செட்டிங்கையும் மாத்தினேன். செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள மல்டிடாஸ்கிங் போனா, டாஸ்க்பார்ல எந்த டெஸ்க்டாப்போட விண்டோக்களைக் காட்டணும்னு கேட்கும். "எல்லா டெஸ்க்டாப்பும்"னு வச்சிருக்கேன். இதுல எனக்கே ரெண்டு மனசு. ஸ்கிரீன் ஷேர் பண்ணும்போது கீழே பேங்க் பேரு தெரியும். ஆனா மறந்துபோறதுக்கு அது எவ்வளவோ மேல். ஸ்கிரீன் ஷேருக்கு வேற வைத்தியம் இருக்கு: முழு ஸ்கிரீனையும் ஷேர் பண்றதை விட்டுட்டேன், அந்த ஒரு விண்டோவை மட்டும்தான். மீட்டிங் ஆப் எதுலயும் அந்த வசதி இருக்கும். அந்த விண்டோ தவிர நான் எந்த டெஸ்க்டாப்புக்குப் போனாலும் எதிர்ல இருக்கிறவங்களுக்கு எதுவும் தெரியாது.

மேக் வச்சிருக்கிறவங்க சிஸ்டம் செட்டிங்ஸ்ல டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியில, மிஷன் கன்ட்ரோலுக்குக் கீழே நான் சொன்ன அந்தத் தாவற செட்டிங்கை அணைச்சுப் பாருங்க. டாக்ல பண பிரவுசரோட ஐகானை ரைட் கிளிக் பண்ணி, ஆப்ஷன்ஸ்ல "இந்த டெஸ்க்டாப்"னு ஒதுக்கியும் வைக்கலாம். அதுக்கப்புறம் அது வேற எங்கேயும் எட்டிப் பார்க்காது.

உங்க லேப்டாப்ல உங்க பிரவுசர் எப்படி நடந்துக்குதுன்னு நான் சொல்லி நீங்க நம்ப வேண்டாம், பிரவுசருக்கு பிரவுசர், வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுது. ஒரு நிமிஷத்துல நீங்களே பார்த்துடலாம். ரெண்டு டெஸ்க்டாப் போடுங்க. டிஃபால்ட் பிரவுசர்ல ரெண்டுலயும் ஒவ்வொரு விண்டோ திறங்க. ரெண்டாவது டெஸ்க்டாப்ல இருக்கிற விண்டோவை ஒரு தடவை கிளிக் பண்ணிட்டு, முதல் டெஸ்க்டாப்புக்கு வந்து சாட் ஆப்ல ஏதாவது ஒரு லிங்க்கை அழுத்துங்க. நீங்க நிக்கிற இடத்துலயே திறந்தா நல்லது. ரெண்டாவது டெஸ்க்டாப்புக்குத் தாவிட்டா, நாளைக்கு டீம் கால்ல என்ன தெரியப்போகுதுன்னு இப்பவே பார்த்துக்கோங்க. அப்புறம் அதே சோதனையை ரெண்டாவது டெஸ்க்டாப்ல மட்டும் பிரவுசர் திறந்து, முதல்ல விண்டோவே இல்லாம பண்ணிப் பாருங்க. என் லேப்டாப்ல முதல் சோதனையில இப்போ பாஸ் ஆகிற பிரவுசர், ரெண்டாவதுல இன்னும் ஃபெயில் ஆகுது.

வெரிஃபிகேஷன் விஷயத்துக்கு மட்டும் டெஸ்க்டாப், பிரவுசர் எதையும் நான் இப்போ நம்பறது இல்லை. தாக்கல் பண்ண அதே நிமிஷம் போன்ல மூணு அலாரம் வைக்கிறேன்: அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணி, மறுநாள் காலை, பத்தாவது நாள். 2025-ல முதல் அலாரத்துலயே முடிச்சிட்டேன்.